யூனிட் விலையோடு கணக்கு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரிய மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டது, இனி விவாதத்துக்கே இடமில்லை என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், மானியத்தை எடுத்துவிட்டால் சோலார் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது என்று அதை மறுத்து வந்த வாசகர் கடிதத்தையும் அடுத்தடுத்துப் படித்தேன். மின் பகிர்மானத் துறையில் கட்டணக் கணக்குகளோடு நெடுங்காலம் புழங்கியவன் நான். இரண்டு எழுத்துகளிலும் கணக்கு பாதியிலேயே நின்றுவிட்டதாக எனக்குப் படுகிறது. கட்டுரையாளர் பேனலிலிருந்து வெளிவரும் யூனிட்டின் விலையைப் பார்த்தார்; கடிதம் எழுதியவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய விலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினார். வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் செலவில் பேனலின் பங்கு எவ்வளவு, கம்பியின் பங்கு எவ்வளவு, மாலை ஏழு மணிக்கு விளக்கு எரிவதற்கான பொறுப்பு யாருடையது, இவற்றுக்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளை இருவருமே தொடவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தப் போட்டியின் முடிவைத் தீர்மானிக்கப்போகிறவை அந்தக் கேள்விகள்தான் என்று உறுதியாக நம்புவதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், விலை குறைந்தது உண்மை என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954இல் வெளியுலகுக்குக் காட்டிய சிலிக்கான் மின்கலம், தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக மாற்றியது. அதன் விலைக்கு அன்று விண்வெளித் திட்டத்தைத் தவிர வேறு வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோள் அதைச் சுமந்து சென்றது. 1976இல்கூட ஒரு வாட் பேனலின் விலை, இன்றைய பண மதிப்பில் பார்த்தால், நூறு டாலருக்கு மேல் இருந்தது. 2019இல் அது நாற்பது சென்ட்டுக்கும் கீழே வந்தது. அதன் பிறகும் இறங்கியிருக்கிறது. உலகில் அதுவரை விற்ற பேனல்களின் மொத்த அளவு ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் விலை சுமார் 20 விழுக்காடு குறைகிறது என்பதைத் துறையில் உள்ளவர்கள் ஸ்வான்சன் விதி என்பார்கள். இயற்பியல் விதிபோல் அது மாறாதது அல்ல என்றாலும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய பிசகின்றி நடந்துவந்திருக்கிறது. பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்குப்படி, புதிதாக அமைக்கப்படும் பெரிய சூரியப் பூங்காக்களின் சராசரி உற்பத்திச் செலவு 2010இல் யூனிட்டுக்கு 46 சென்ட்டாக இருந்து 2023இல் 4.4 சென்ட்டாக ஆனது. பதின்மூன்று ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு!

இந்த வீழ்ச்சி தானாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஜப்பான் 1994இல் வீட்டுக் கூரைகளுக்கான உதவித் திட்டத்தைத் தொடங்கியது. ஜெர்மனி 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த சட்டம், கூரையிலிருந்து கட்டமைப்புக்கு, அதாவது ஊரெங்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பி வலைக்கு, அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐம்பது யூரோ சென்ட்டுக்குச் சற்று மேலான தொகையை இருபது ஆண்டுகளுக்கு உறுதிசெய்தது. அந்தச் செலவு அந்நாட்டு மின் நுகர்வோரின் பில்லிலேயே தனி வரியாகச் சேர்ந்தது; 2017இல் அது யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை ஏறி, 2022 ஜூலையில்தான் முற்றாக நீக்கப்பட்டது. வெயில் குறைந்த ஒரு நாட்டின் சாதாரணக் குடும்பங்கள் மாதந்தோறும் கட்டிய அந்தப் பணம் உருவாக்கிய சந்தையை நம்பித்தான் சீனத் தொழிற்சாலைகள் பெருகின. இன்று பேனல் உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு உலகம் பட்ட கடன் பெரிது. அந்தக் காலத்து மானியத்தைக் காட்டி இன்றைய சூரிய மின்சாரத்தைக் குறைசொல்வது நியாயமாகாது; அன்று கொடுத்த விலையால்தான் இன்று பல நாடுகளில் மானியமே இல்லாமல் ஏலத்தில் சூரிய மின்சாரம் வெல்ல முடிகிறது.

ஆனால் பேனல் மலிவானதால் மின்சாரம் எங்கும் ஒரே அளவு மலிவாகிவிடும் என்று நினைப்பதும் பிழை. அனல்மின் நிலையத்தின் செலவில் பெரும் பங்கு ஆண்டுதோறும் வாங்கும் எரிபொருளுக்குப் போகிறது. சூரிய மின்நிலையத்துக்கோ எரிபொருள் செலவே கிடையாது. இருபத்தைந்து ஆண்டுக்கான செலவு முழுவதையும் முதல் நாளே கொட்டியாக வேண்டும். அந்தப் பணம் கடனாக வருவதால், வட்டிதான் அந்த மின்சாரத்தின் எரிபொருள் என்றே சொல்லலாம். ஒரு கிலோவாட் பேனலை நிறுவ 1,000 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டு நாணயமாகவும் இருக்கட்டும். நல்ல வெயில் உள்ள இடத்தில் அது ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் தரும். அந்த 1,000ஐ இருபத்தைந்து ஆண்டுகளில் சமத் தவணைகளாகத் திருப்பிக் கட்டுவதானால், 5 விழுக்காடு வட்டியில் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 71 ஆகும். 10 விழுக்காட்டில் அதுவே 110 ஆகிவிடும். வெயிலும் பேனலும் கூரையும் மாறவில்லை. வட்டி ஒன்று மாறியதற்கே யூனிட்டின் அடக்கவிலை பாதிக்கும் மேல் ஏறிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் வேதனை தரும் செய்தி ஒன்று உண்டு. கொளுத்தும் வெயில் இருக்கும் நாடுகளில் பலவற்றில்தான் கடன் வட்டி மிக அதிகம். பணக்கார நாடுகளில் கிடைக்கும் வட்டியைப் போல இரு மடங்குக்கும் மேலாக வளரும் நாடுகளின் ஆற்றல் திட்டங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பன்னாட்டு ஆற்றல் முகமை பல முறை எடுத்துச் சொல்லியிருக்கிறது. 2020இல் அதே முகமை, சில சூரிய மின்திட்டங்களின் மின்சாரம் வரலாற்றிலேயே மிக மலிவானது என்று அறிவித்தபோது, நல்ல வெயிலும் குறைந்த வட்டியும் சேர்ந்து அமைந்த திட்டங்களைத்தான் குறிப்பிட்டது. நாளிதழ்கள் முதல் பாதியைத் தலைப்பாக்கின. வட்டியைப் பற்றிய பாதி விடுபட்டுப்போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலையில் எத்தனையோ நாடுகள் நிற்பதற்கு அந்த விடுபட்ட பாதிதான் காரணம்.

அடுத்து நேரத்தைப் பற்றிய கணக்கு. மின்சாரத்தை விற்கும் எவருக்கும் தெரிந்த உண்மை, எல்லா யூனிட்டும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உற்பத்தியாகும் யூனிட்டும் இரவு எட்டு மணிக்குத் தேவைப்படும் யூனிட்டும் மீட்டரில் ஒரே எண்ணாகப் பதிவானாலும் சந்தையில் வேறுவேறு பண்டங்கள். தொடக்கத்தில், அதாவது ஒரு கட்டமைப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு சிறியதாக இருக்கும்போது, அது பகல் நேரத் தேவையைக் குறைத்து, செலவு மிகுந்த நிலையங்களை ஓய்வெடுக்க வைக்கிறது. அப்போது அதன் மதிப்பு அதிகம். பங்கு கூடக்கூட, எல்லாப் பேனல்களும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்வதால் அந்த நேரத்து விலையை அவை தாமே கீழே தள்ளுகின்றன. கலிபோர்னியாவின் கட்டமைப்பு நிர்வாகிகள் 2013இல் வெளியிட்ட வரைபடம், சூரிய மின்சாரம் போக மற்ற நிலையங்கள் தர வேண்டிய அளவு ஒரு நாளில் எப்படி மாறுகிறது என்று காட்டியது: பகலில் பள்ளம், சூரியன் சாயும் மூன்று மணி நேரத்தில் செங்குத்தான ஏற்றம், மாலையில் உச்சம். அதன் உருவத்தைப் பார்த்து வாத்து வளைவு என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் 2024இல் 457 மணி நேரம் மொத்த விற்பனைச் சந்தையில் மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதாவது, மின்சாரத்தை எடுத்துக்கொள்பவருக்கு உற்பத்தியாளர் பணம் கொடுக்க வேண்டிய நிலை. அதன் பின்னர் 2025 பிப்ரவரியில் அந்நாடு, புதிதாக அமைக்கப்படும் கூரை நிலையங்களுக்கு அத்தகைய நேரங்களில் உறுதி விலை கிடையாது என்று சட்டத்தையே மாற்றியது.

ஆகவே ஓர் இடத்தில் சூரிய யூனிட்டின் சராசரி அடக்கவிலை நிலக்கரி யூனிட்டின் விலையைவிடக் குறைவு என்ற ஒப்பீடு, கட்டமைப்பின் மின்சாரத்தில் சூரியன் தரும் முதல் பத்து விழுக்காட்டுக்கு முழுமையாகப் பொருந்தும்; ஐம்பதாவது விழுக்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. அதேபோல ஒரு மெகாவாட் சூரிய நிலையத்தையும் ஒரு மெகாவாட் அனல் நிலையத்தையும் சமமாக வைத்துப் பேசுவதும் தவறு. ஆண்டு முழுவதும் கிடைக்கும் யூனிட்டுகளில் இரண்டுக்கும் மூன்று, நான்கு மடங்கு வேறுபாடு இருக்கும். இந்தத் தவறைச் சோலார் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் தங்கள் வசதிக்கேற்பச் செய்கிறார்கள் என்பதால் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோகிறேன்.

கம்பியின் கணக்குக்கு வருகிறேன். இதுதான் என் கடிதத்தின் மையம். வீட்டு மின் பில்லில் இருக்கும் தொகை முழுவதும் மின்சாரத்தின் விலை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் கணிசமான பங்கு உயரழுத்தக் கோபுரங்கள், துணை மின்நிலையங்கள், தெருமுனை மின்மாற்றி, மின்கம்பம், கம்பி, மீட்டர், பழுது பார்க்க வரும் ஊழியர்கள் ஆகியவற்றுக்கானது. இவை நாம் நூறு யூனிட் எடுத்தாலும் ஒரு யூனிட்டே எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே செலவைத்தான் வைக்கும். ஆனால் பெரும்பாலான நாடுகளில் வீடுகளிடமிருந்து இந்தச் செலவை யூனிட் கணக்கில் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். எல்லோரும் கட்டமைப்பிலிருந்து மட்டுமே மின்சாரம் வாங்கிய காலத்தில் அது எளிமையாகவும், குறைவாகச் செலவழிக்கும் ஏழைக்கு இதமாகவும் இருந்தது. கூரையில் பேனல் ஏறியதும் அந்த ஏற்பாடு ஆட்டம்காணத் தொடங்கியது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் 300 யூனிட் செலவு. கூரையில் உள்ள பேனல்களும் மாதம் 300 யூனிட் தருகின்றன. கூரை வெளியே அனுப்பிய யூனிட்டை வீடு எடுத்த யூனிட்டிலிருந்து கழிக்கும் நிகர அளவீட்டு முறையில், அதாவது நெட் மீட்டரிங்கில், மாத முடிவில் மீட்டர் காட்டும் நிகரம் பூஜ்யம். வீட்டுக்காரர் தம் மின்சாரத்தைத் தாமே தயாரித்துக்கொண்டதாக நினைப்பது இயல்பு. ஆனால் அந்த மாதம் முழுவதும் நடந்தது என்ன? காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் ஆளில்லை. பேனல் தந்ததில் பெரும்பகுதி தெருக்கம்பி வழியாக அண்டை வீடுகளுக்குப் போனது. பிற்பகலில் ஒரு மேகம் கடந்தபோது உற்பத்தி சில நொடிகளில் பாதியாகச் சரிந்தது. அந்தப் பள்ளத்தைக் கட்டமைப்பு நிரப்பியதால் வீட்டில் மின்விசிறியின் வேகம்கூடக் குறையவில்லை. குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதையும் கட்டமைப்புதான் கொடுத்தது. மாலை ஆறரை மணிக்குமேல் விளக்கு, சமையல், குளிர்சாதனம் எல்லாம் வெளியிலிருந்து வந்த மின்சாரத்தில் ஓடின. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் தன் அதிர்வெண்ணைக்கூடக் கட்டமைப்பைப் பார்த்துத்தான் அமைத்துக்கொள்கிறது. தெருவில் மின்சாரம் நின்றால், கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்காக, சாதாரண இன்வெர்ட்டர் நல்ல வெயிலிலும் தானாக நின்றுவிடும். மாதம் முழுவதும் இத்தனை சேவை பெற்ற அந்த வீட்டுக்கு, நிலைக்கட்டணம் என்ற சிறு தொகை தவிர, பில் பூஜ்யம்.

அந்த வீட்டுக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை. சட்டம் அனுமதித்ததைச் செய்தார். சொந்தப் பணத்தைப் போட்டார். தெருவுக்குச் சுத்தமான மின்சாரம் கொடுத்தார். கட்டண அமைப்புதான் கோணலாக இருக்கிறது. கம்பிக்கான மொத்தச் செலவு 100 என்றும் அதை 100 வீடுகள் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன என்றும் கொள்வோம். அவற்றில் 20 வீடுகள் பூஜ்ய பில்லுக்குப் போய்விட்டால், மீதமுள்ள 80 வீடுகள் அந்த 100ஐயும் சுமக்க வேண்டும். ஒவ்வொன்றின் பங்கும் கால் பங்கு கூடிவிடும். கட்டணம் ஏற ஏற, இன்னும் சில வீடுகள் பேனல் போடுவது லாபம் என்று கண்டுகொள்ளும். பாரம் மேலும் சிலரின் தலையிலிருந்து இறங்கி, இன்னும் குறைவானவர்களின் தலையில் ஏறும். கடைசியில் எஞ்சுபவர்கள் யார்? வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடுக்குமாடியில் கூரைக்கு உரிமையில்லாதவர்கள், முன்பணம் திரட்ட முடியாதவர்கள். இதைத்தான் மின்துறையில் மரணச் சுழல் என்று அச்சத்தோடு சொல்கிறோம்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். பாகிஸ்தான் 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 17 கிகாவாட், அதாவது 17,000 மெகாவாட், அளவுக்குப் பேனல்களை இறக்குமதி செய்தது. அரசு போட்ட பெருந்திட்டம் எதுவும் அதற்குக் காரணமில்லை. கட்டமைப்பு மின்சாரத்தின் கட்டணம் ஏறிக்கொண்டே போனதும், மின்வெட்டும், சீனப் பேனலின் மலிவும் சேர்ந்து வீடுகளையும் ஆலைகளையும் உழவர்களையும் கூரைப் பக்கம் தள்ளின. அங்கே அனல்மின் நிலையங்களோடு செய்யப்பட்ட ஒப்பந்தங்களில், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் திறனுக்கான தொகையைக் கட்டியே தீர வேண்டும் என்ற விதி இருக்கிறது. வாங்குவோர் குறையும்போது அந்தத் தொகை எஞ்சியவர்களின் யூனிட் மீது ஏறுகிறது. அந்த மக்கள் செய்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தாங்க முடியாத பில்லிலிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கூரை இல்லாதவர்களைக் காப்பாற்றும் ஏற்பாடு அதே வேகத்தில் வரவில்லை என்பதுதான் துயரம்.

இந்தச் சிக்கலைக் கண்ட சில அரசுகள் அவசரத்தில் தவறான மருந்தைக் கொடுத்தன. ஸ்பெயின் 2015இல், சொந்தக் கூரையில் தயாரித்துச் சொந்தமாகப் பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் கட்டணம் விதித்தது. மக்கள் அதைச் சூரிய வரி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள்; 2018இல் அது ரத்தானது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2015 இறுதியில் நிகர அளவீட்டு விதிகளை மாற்றியபோது, ஏற்கெனவே பேனல் போட்டவர்களையும் புதிய விதிக்குள் இழுத்தது. பழைய விதியை நம்பிக் கடன் வாங்கியவர்களின் கணக்கு ஒரே இரவில் தலைகீழானது. நிறுவும் தொழிலே அங்கிருந்து வெளியேறத் தொடங்க, மறு ஆண்டே பழையவர்களுக்குப் பழைய விதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. விதியை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் அரசின் சொல்லை நம்பி முதல் போட்டவரிடம் சொல் மாறினால், அடுத்த முறை எந்தத் திட்டத்தையும் மக்கள் நம்ப மாட்டார்கள்; அந்த அவநம்பிக்கை வட்டியாகவும் ஏறி, நான் மேலே சொன்ன தவணைக் கணக்கைக் கெடுக்கும்.

கலிபோர்னியா 2022 டிசம்பரில் எடுத்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முடிவு இவற்றைவிடச் சிந்தித்து எடுத்ததுதான். ஆனாலும் வலி இல்லாமல் இல்லை. புதிதாக இணைபவர்கள் கட்டமைப்புக்கு அனுப்பும் யூனிட்டுக்கு, சில்லறை விலையைத் தராமல், அந்த நேரத்தில் அந்த யூனிட் கட்டமைப்புக்கு எவ்வளவு செலவை மிச்சப்படுத்துகிறதோ அந்த அளவை மட்டும் தருவது என்று முடிவானது. சராசரியாக ஏறத்தாழ 75 விழுக்காடு வெட்டு. கூரைப் பேனல் விற்பனை சரிந்தது; பலர் வேலை இழந்தார்கள். அதே சமயம் புதிதாகப் பேனல் போடுபவர்களில் பெரும்பாலோர் பேட்டரியையும் சேர்த்துப் போடத் தொடங்கினார்கள், ஏனென்றால் நண்பகல் யூனிட்டை மாலைக்கு எடுத்துச் செல்வதில்தான் இப்போது லாபம். விலை சரியான செய்தியைச் சொன்னதும் மக்களின் நடத்தை மாறியது. மாற்றத்தை ஒரே வெட்டாகச் செய்யாமல் நான்கைந்து ஆண்டுகளில் படிப்படியாகச் செய்திருந்தால் அத்தனை குடும்பங்கள் பிழைப்பை இழந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பேட்டரி என்றதும் அது கனவு என்று ஒதுக்கித்தள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பின் விலை 2010இல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் சராசரி 115 டாலர் என்கிறது ப்ளூம்பெர்க் ஆற்றல் ஆய்வுப் பிரிவின் ஆண்டுக் கணக்கு. 2024 ஏப்ரலில் ஒரு மாலை, கலிபோர்னியக் கட்டமைப்பில் சற்று நேரத்துக்கு மற்ற எல்லா வகை நிலையங்களையும் விஞ்சி பேட்டரிகளே மிகப் பெரிய மின்வழங்கியாக நின்றன. அபுதாபியில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டத்தைப் பாருங்கள்: இடைவிடாமல் ஒரு கிகாவாட் தருவதற்காக 5.2 கிகாவாட் பேனலும் 19 கிகாவாட் மணி (1.9 கோடி யூனிட்) சேமிக்கும் பேட்டரியும் திட்டமிட்டிருக்கிறார்கள். ஒரு கிகாவாட்டை இரவும் பகலும் தர ஐந்து மடங்குக்கு மேல் பேனல் வேண்டியிருக்கிறது என்பதிலேயே, யூனிட் விலையையும் உறுதியான வழங்கலின் விலையையும் ஒன்றாக்கக் கூடாது என்பது தெளிவு. அப்படியும் அத்தகைய திட்டத்தில் முதல் போட ஆள் இருக்கிறது என்பது, மாலைப் பொழுதின் கணக்கும் மாறத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. பல வாரங்கள் வெயிலே காணாத குளிர்நாட்டுப் பனிக்காலத்துக்கு இன்றைய பேட்டரி விடையாகாது. அங்கே காற்று, புனல், அணு, வெளிநாட்டு இணைப்பு என்று வேறு துணை வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் நான் அனல்மின் நிலையத்தின் பக்கம் நிற்பதாக யாரும் கொள்ள வேண்டாம். அந்தப் பக்கத்துக் கணக்கிலும் எழுதப்படாத பக்கங்கள் இருக்கின்றன. அவை இன்னும் கனமானவை. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2014இல் தொகுத்த மதிப்பீட்டின்படி, முழு ஆயுளையும் சேர்த்துப் பார்த்தால் நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு நடுமதிப்பாக 820 கிராம் கரியமில வாயுவுக்குப் பொறுப்பாகிறது. கூரைச் சோலாருக்கு அது 41 கிராம். அந்தப் புகையால் நுரையீரல் நோய் வந்தவரின் மருத்துவச் செலவு எந்த மின் பில்லிலும் அச்சாவதில்லை. எரிபொருள் விலையின் ஆட்டமும் அப்படியே: 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது இயற்கை எரிவாயு விலை தாறுமாறாக ஏறி, ஐரோப்பியக் குடும்பங்களின் பில்லை வெகுவாக உயர்த்தியது, எரிவாயுவை வாங்கப் பணக்கார நாடுகளோடு போட்டியிட முடியாத நாடுகள் இருட்டில் உட்கார்ந்தன. முன்பே விலை கொடுத்து முடித்த பேனலுக்கு அந்த ஆட்டம் இல்லை. கம்பியின் செலவைச் சோலார் வீட்டுக்காரர் பகிர வேண்டும் என்று நியாயம் பேசுகிறவர்கள், புகையின் செலவை அனல் நிலையம் பகிர வேண்டும் என்பதையும் அதே குரலில் பேச வேண்டும்.

கட்டணம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். கம்பிக்கான செலவை யூனிட்டிலிருந்து பெருமளவு பிரித்துத் தனியே வசூலிக்க வேண்டும். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே நிலைக்கட்டணம் என்று வைத்தால், இரண்டு விளக்கு எரிக்கும் குடிசையும் நான்கு குளிர்சாதனம் ஓட்டும் மாளிகையும் ஒரே தொகை கட்டும் அநியாயம் நேரும். ஆகவே இணைப்பின் மின்பளுவை, அதாவது அந்த வீடு அதிகபட்சமாக எடுக்க அனுமதி பெற்ற அளவை, வைத்தும், உச்ச நேரத்தில் அந்த வீடு இழுக்கும் அளவை வைத்தும் அது ஏறி இறங்க வேண்டும். யூனிட்டின் விலை நேரத்துக்கேற்ப மாற வேண்டும். நண்பகலில் மலிவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருந்தால், நீரேற்றும் மோட்டாரும் துணி துவைக்கும் இயந்திரமும் வாகன சார்ஜரும் பகலுக்கு நகரும். சோலார் மின்சாரம் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கூரையிலிருந்து வரும் யூனிட்டுக்கு அந்த நேரத்து மதிப்பைத் தர வேண்டும்; நெரிசல் மிகுந்த மின்மாற்றியின் பாரத்தைக் குறைக்கும் இடத்தில் அதற்கு மேலும் தரலாம், ஏனென்றால் அது புதிய கம்பி போடும் செலவை மிச்சப்படுத்துகிறது. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அதன் காலம் முடியும்வரை மதிக்கப்பட வேண்டும்.

இவற்றுக்கு இணையாக, கூரை இல்லாதவர்களுக்கு வழி செய்யாவிட்டால் இந்தச் சீர்திருத்தம் அரைகுறையாகவே நிற்கும். ஊருக்கு வெளியே அமையும் ஒரு பொதுச் சூரிய நிலையத்தில் சிறு பங்கு வாங்கி, அதன் விளைச்சலைத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பெரிய நிலையத்தில் ஒரு யூனிட்டின் அடக்கவிலை சிறு கூரையைவிடப் பெரும்பாலும் குறைவு என்பதால், வாடகைக் குடித்தனக்காரருக்கு அது கூரைக்காரரைவிட மலிவான சூரிய மின்சாரமாகவே அமையும். அந்தப் பங்குக்கான கடன் குறைந்த வட்டியில் கிடைக்க அரசு பிணை நிற்க வேண்டும். அதே தொகையை வசதியான வீட்டின் பேனலுக்கு மானியமாகக் கொடுப்பதைவிட, கடனுக்குப் பிணையாக வைத்தால் பல மடங்கு குடும்பங்களை எட்டும்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய சூரியப் பூங்காவின் ஏல விலை வரும் நாளில் அது முதல் பக்கச் செய்தியாகிறது. கட்டணத் திருத்தத்துக்கான பொது விசாரணை நடக்கும் நாளில் அரங்கில் பெரும்பாலும் ஆலைகளின் வழக்கறிஞர்களும் மின் நிறுவனத்தின் கணக்காளர்களும் மட்டுமே இருக்கிறார்கள். நிலைக்கட்டணம் எவ்வளவு, உச்ச நேரம் எது, கூரை யூனிட்டுக்கு என்ன விலை என்பவை அங்கேதான் முடிவாகின்றன. அந்த விசாரணைக்குச் செய்தியாளரை அனுப்புங்கள். மின் நிறுவனம் தாக்கல் செய்யும் மனுவில் கம்பிக்கான செலவு எவ்வளவு, உற்பத்திக்கான செலவு எவ்வளவு, திறனுக்கான ஒப்பந்தத் தொகை எவ்வளவு என்பவற்றை எளிய அட்டவணையாக வெளியிடுங்கள். வாசகர்கள் ஆட்சேபணை மனு கொடுப்பதற்கான கடைசி நாளையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்